ஒரு பாட்டில் குளுக்கோஸும் 33 கிலோமீட்டரும்

இந்த மழைக்காலத்தில் இப்படி நடப்பது இது நான்காவது முறை. எண்பது வயதுத் தாத்தா, கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீடு. நுரையீரல் புற்றுநோய் கல்லீரல்வரை பரவிவிட்டது. மார்ஃபின் கொடுத்து வலியில்லாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று பாட்டியோடும் மகளோடும் உட்கார்ந்து பேசி முடித்திருந்தோம். தாத்தாவுக்கும் அதுதான் ஆசை. ராத்திரி பதினொரு மணிக்குத் திருப்பூரிலிருந்து மூத்த மகன் வந்தார். பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ். மேட்டுப்பாளையம்வரை 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அப்புறம் கோவை. தொண்டையில் குழாய், பிடுங்கிவிடாமலிருக்கக் கைகள் கட்டிலோடு கட்டு. ஆறாம் நாள் உடலைத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

"அப்பாவைப் பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றீங்களா டாக்டரம்மா?" கிளம்பும்போது அந்த மகன் போனில் கேட்டது இது. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்கிறார். எத்தனை முறைதான் சொல்வது?

சாகப்போகிற உடம்பு சோற்றைக் கேட்பதில்லை. குடல் அடங்குகிறது, விழுங்கும் திறன் போகிறது, பசியே இருப்பதில்லை. சாப்பிடாததால் அவர் சாகவில்லை ஐயா, சாவு நெருங்கிவிட்டதால் சாப்பிடவில்லை. நீங்கள் கெஞ்சிக் கேட்கும் அந்த அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு டம்ளர் டீக்குப் போடுகிற அளவு. அதனால் யாருக்கும் தெம்பு வராது. ஆனால் அந்தத் தண்ணீரைச் சமாளிக்க முடியாத உடம்பில் கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோக்கும், மூச்சு இன்னும் திணறும். மூக்குக்குழாயில் கஞ்சி ஊற்றினால் நுரையீரலுக்குள் போகவும் வாய்ப்புண்டு. அவருக்குத் தேவை உதட்டில் ஈரம். பஞ்சை நனைத்து வாயைத் துடையுங்கள், உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

அடுத்து ‘கருணைக் கொலை’ என்ற சொல். ஊசி போட்டு உயிரை எடுப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். பயன் தராத வென்டிலேட்டரைத் தொடங்காமல் விடுவதோ எடுப்பதோ வேறு. கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும், குடும்பம் சம்மதிக்க வேண்டும். எந்த டாக்டரும் தனியாக முடிவெடுத்துப் பிளக்கைப் பிடுங்க முடியாது.

எண்பது வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பாட்டிக்கு நிமோனியா என்றால் நானே கீழே அனுப்புவேன், வென்டிலேட்டர் உட்பட. திரும்பி வரக்கூடிய நோயா, வராததா என்பதுதான் கேள்வி. இதை உட்கார்ந்து விளக்க அரை மணி நேரம் ஆகும். ரெஃபர் சீட்டு எழுத இரண்டு நிமிடம் போதும். பழி எங்கள் மீதும் உண்டு.

மார்ஃபின் உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்று மாத்திரையை ஒளித்துவைப்பவர்களே, தயவுசெய்து வேண்டாம். சரியான அளவில் அது வலியையும் மூச்சுத்திணறலையும்தான் குறைக்கும்.

கடைசி நாட்களில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவையுங்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே நடைமுறையை எளிதாக்கிவிட்டது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, பிறகு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று. மாஜிஸ்திரேட்டிடம் கையெழுத்து வாங்க அலைய வேண்டாம். உங்களுக்காக யார் பேசுவார்கள் என்று அதில் பெயர் போடுங்கள். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். ஒரு நகல் குடும்ப டாக்டரிடம் இருக்கட்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் தவிப்பு புரிகிறது. கடைசி ராத்திரி ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடாதீர்கள். ஒரு மாதம் முன்பே போன் பண்ணுங்கள், நான் எடுக்கிறேன்.

அந்தப் பாட்டி நேற்று மாத்திரை வாங்க வந்தார். "கடைசியா ஒரு வாய் கட்டங்காப்பி கேட்டாரும்மா, குழாய் இருக்குன்னு குடுக்க விடல" என்றார். அவர் பிரஷர் பார்த்தேன். 170 இருந்தது.