போத்தலில் வந்த வைரஸ்: உணவுப் பாதுகாப்பில் பேஜ்கள்

வெள்ளவத்தையில் சாப்பாட்டுக்கடை நடத்தும் அம்மா ஒருவர், இறைச்சியில் தெளிக்கவென விற்பனை முகவர் தந்துசென்ற, வைரஸ் அடங்கிய தெளிப்புப் போத்தலுடன் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். "பிள்ளை, வைரஸ் எண்டால் நோய்தானே, அதை ஏன் இறைச்சியில அடிக்கினம்?" என்பதே அவருடைய கேள்வி. அவர் அஞ்சியது வைரஸ் என்ற பெயருக்கு; உணவு நுண்ணுயிரியலில் இருப்பவர்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு.

பக்டீரியோபேஜ் எனப்படும் பேஜ்கள் பற்றீரியாவினுள் மட்டுமே பெருகும் வைரஸ்கள். மனிதக் கலங்களில் அவற்றால் பெருக இயலாது. தயிரிலும் கீரையிலும் நமது குடலிலும் அவை ஏற்கனவே இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகை செல்சியஸிலும் வளரக்கூடியதும், கருவுற்ற பெண்களுக்குக் கருச்சிதைவை ஏற்படுத்தக்கூடியதுமான லிஸ்டீரியா என்ற பற்றீரியாவைக் கட்டுப்படுத்த, ஆறு பேஜ்களின் கலவையொன்றைச் சமைக்காமலே உண்ணத் தயாரான இறைச்சி வகைகளில் தெளிப்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் அனுமதி வழங்கியது.

எந்தப் பேஜ் என்பதில்தான் கவனம் வேண்டும். சில பேஜ்கள் பற்றீரியாவை உடனே கொல்லாமல், தமது மரபணுக்களை அதனுடையவற்றோடு இணைத்துவிட்டு உறங்கும். கொலராவின் நச்சை உருவாக்கும் மரபணுவும், சில ஈ.கோலை வகைகளைக் கொடியவையாக்கும் ஷிகா நச்சின் மரபணுவும் இவ்வாறு பேஜ்களால் சுமந்து வரப்பட்டவையே. ஆகவே உணவுக்குரியவை பற்றீரியாவை உடைத்துக் கொல்பவையாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதுடன், நச்சு மரபணுவோ நுண்ணுயிர்கொல்லி எதிர்ப்பு மரபணுவோ அவற்றில் இல்லை என்பதும் முழு மரபணுத்தொகுதியையும் வாசித்து உறுதிசெய்யப்பட வேண்டும். பேஜ்களை வளர்க்கப் பயன்பட்ட பற்றீரியாவின் எச்சங்களும் நீக்கப்பட வேண்டும். சல்மொனெல்லா போன்ற பற்றீரியாவில் வளர்த்தால், அவற்றின் வெளிச்சுவரிலுள்ள அகநச்சு எனும் நச்சுப்பொருள் எஞ்சக்கூடும்.

இத்தனை சோதனைகளையும் கடந்த பேஜுக்கும் எல்லை உண்டு. லிஸ்டீரியாவுக்கான பேஜ் சல்மொனெல்லாவைத் தொடாது. தானாக நகர இயலாததால், இறைச்சியின் மடிப்புகளில் தெளிப்புப் படாத இடத்துப் பற்றீரியா தப்பிவிடும். தப்பியவற்றுள் பேஜுக்கு எதிர்ப்புடையவை பெருகவும் கூடும். கோழி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே சலாட் வெட்டும் பழக்கத்துக்கு (கொழும்பில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்) எந்தத் தெளிப்பும் ஈடாகாது.

அம்மா கொண்டுவந்த போத்தலை இருவருமாகத் திருப்பிப் பார்த்தோம். எந்தப் பற்றீரியாவுக்கு, எந்த உணவுக்கு, எவ்வளவு, எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்ற எதுவும் அதில் அச்சிடப்பட்டிருக்கவில்லை. முகவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.