சொன்னவரைத் தண்டிக்கும் கொள்கை

இணையப் பாதுகாப்புத் தணிக்கைக்காக நான் சென்ற ஒரு நிறுவனத்தில், கணக்குப் பிரிவில் பணியாற்றிய ஒரு பெண், இன்வாய்ஸ் போல வந்த போலி மின்னஞ்சலை நம்பித் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, சில நிமிடங்களிலேயே மோசடி என்று உணர்ந்தும், மூன்று நாட்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டபோது, பணியில் சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட பாதுகாப்புக் கொள்கையை எடுத்துக் காட்டினார். 'கவனக்குறைவாகச் செயல்படுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வரியின் கீழ் பேனாவால் கோடிட்டிருந்தார். அந்த மூன்று நாட்களில் மோசடிக்காரர்கள் அவருடைய முகவரியிலிருந்தே, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிய இன்வாய்ஸ்களை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

நேர்மையான ஊழியரையும் ஊமையாக்கும் கொள்கை, எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், திருடனுக்கே துணை போகிறது.

மேல்மட்டத்தில் இதே மௌனம் வேறு உருவம் எடுக்கும். 2016-இல் உபர் நிறுவனத்திலிருந்து 5.7 கோடிப் பேரின் தகவல்கள் திருடப்பட்டபோது, பாதுகாப்புக் குறைகளைக் கண்டு சொல்வோருக்கான வெகுமதித் திட்டத்தின் பெயரில் திருடியவர்களுக்கே 1,00,000 டாலர் கொடுத்து, தகவல் எதையும் எடுக்கவில்லை என்று எழுதியும் வாங்கினார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு 2017 நவம்பர் வரை அது தெரியாது. விசாரணை அமைப்பிடமிருந்து இதை மறைத்ததற்காக, அந்நிறுவனத்தின் முன்னாள் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி 2022-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்.

நம் நாட்டில், இணையத் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. அஞ்சிக் கிடக்கும் ஊழியர்களை வைத்துக்கொண்டு எந்த நிறுவனமும் அதை நிறைவேற்ற முடியாது. வெளியிலிருந்து நல்லெண்ணத்தோடு ஒரு குறையைச் சுட்டிக்காட்டும் மாணவரின் நிலை இன்னும் மோசம். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு உரிமையாளரின் அனுமதி இல்லாத அணுகலுக்கு இழப்பீடு கோர இடமளிக்கிறது, நல்லெண்ணத்திற்கென்று அதில் தனி விலக்கு கிடையாது. ஆகவே எந்த எல்லைக்குள் சோதித்துப் பார்க்கலாம் என்ற அனுமதியை நிறுவனமே தன் கொள்கையில் எழுதி வெளியிடுவதுதான் முறை என்று நான் வலியுறுத்தி வருகிறேன்.

அந்த நிறுவனத்தில், கோடிட்ட வரியை நீக்கிவிட்டு, 'தவறை உடனே தெரிவிப்பவர் மீது அத்தவறுக்காக நடவடிக்கை இராது' என்று எழுதினோம். நள்ளிரவிலும் அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணையும் சேர்த்தோம். வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு யாருடையது என்ற பத்தியில்தான் நிர்வாகம் நெடுநேரம் தயங்கியது. அதில் ஒருவருடைய பதவி குறிப்பிடப்படும் வரை நான் அறிக்கையில் கையெழுத்திடவில்லை.