பெயரை மட்டும் தேடினால் ஆள் மாறிவிடும்: பிரிட்டனிலிருந்து யூட்டா போன மார்மன் முன்னோர்கள்

வடமேற்கு இங்கிலாந்தில், குடும்ப வரலாறு தேடித் தரும் வேலையில் இருக்கிறேன். லங்காஷையர் ஊர்களிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். டிஎன்ஏ பரிசோதனை செய்திருப்பார்கள். முடிவைத் திறந்தால், முன்பின் தெரியாத உறவினர்கள் கூட்டமாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருப்பார்கள். "எங்க வீட்ல யாரும் அமெரிக்கா போனதா கேள்விப்பட்டதே இல்லையே" என்பார்கள். எள்ளுத்தாத்தாவின் தம்பியோ அத்தையோ மார்மன் சபையில் சேர்ந்து கப்பலேறியிருப்பார்கள். ஊரோடு இருந்துவிட்டவர்கள் காலப்போக்கில் அவர்களைப் பற்றிப் பேசுவதையே விட்டிருப்பார்கள்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பதுதான் மார்மன் சபையின் முழுப்பெயர். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. 1837 ஜூலையில் ஹீபர் கிம்பல் தலைமையில், சபையைப் பரப்ப ஏழு ஊழியர்கள் லிவர்பூல் வந்து இறங்கி, அங்கிருந்து பிரஸ்டன் நகருக்குப் போனார்கள். அந்த மாதம் 30-ஆம் தேதி ரிப்பிள் ஆற்றில் முதல் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1840 ஜூன் 6-இல் 'பிரிட்டானியா' கப்பலில் 41 பேர் கொண்ட முதல் கூட்டம் லிவர்பூலைவிட்டுப் புறப்பட்டது. நெசவாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், குயவர்கள், பண்ணைக் கூலிகள் என்று உழைத்துப் பிழைத்த குடும்பங்களே அதிகம். 1850-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் மட்டும் இந்தச் சபையினர் முப்பதாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். அவர்களில் பெரும் பகுதி பிறகு கடல் கடந்தது.

இப்படிப் போனவர்களைத் தேடுகிறவர்கள் முதலில் செய்வது, இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பது. அங்கேதான் ஆள் மாறுகிறது. ஜான் டேவிஸ், மேரி ஜோன்ஸ், வில்லியம் டெய்லர் போன்ற பெயர்கள் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்தன. யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஜானைத் தன் வம்சாவளியில் ஒட்டியிருப்பார். அதைப் பார்த்து இன்னும் இருபது பேர் ஒட்டியிருப்பார்கள். இருபது இடத்தில் இருக்கிறதே, அப்போது சரியாகத்தான் இருக்கும் என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள். பார்த்து எழுதியவை எத்தனை இருந்தாலும் சான்று ஒன்றுகூட இல்லை என்பதை என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான் சொல்லும் வழி வேறு. தனி ஆளை விட்டுவிட்டு அவரைச் சுற்றியிருந்த கூட்டத்தைத் தேடுங்கள். மார்மன் குடியேறிகள் கிளைச் சபையாகச் சேர்ந்தார்கள், கூட்டமாகக் கப்பலேறினார்கள், கூட்டமாகவே அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியைக் கடந்தார்கள். பிரிட்டனிலிருந்து அமெரிக்கா போன மற்றவர்களுக்கு இல்லாத பெரிய வசதி இது.

அண்மையில் வந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். ஒரு அம்மையாரின் எள்ளுத்தாத்தாவுக்கு ஜான் என்று ஒரு தம்பி, நெசவாளி. அவர் 1850-களில் யூட்டா போனார் என்று இணையத்தில் பல வம்சாவளிகள் சொல்லின, பிறந்த ஊர், வருடம் எல்லாம் போட்டு. நான் முதலில் எடுத்தது 1861 ஏப்ரல் 7 இரவு எடுத்த பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கை. யூட்டாவில் குடியேறிவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே ஜான் லங்காஷையரில் தன் வீட்டில், அதே மனைவியோடும் பிள்ளைகளோடும் பதிவாகியிருந்தார். அடுத்த பாரிஷில் (தேவாலயப் பங்கில்) அதே பெயரில், வயதில் கொஞ்சம் இளையவராக இன்னொரு நெசவாளி இருந்தார். அவர் 1851 கணக்கில் இருக்கிறார், 1861-இல் இல்லை, அடக்கப் பதிவேட்டிலும் இல்லை. போனவர் அவர்தான். என்னிடம் வந்த அம்மையாரின் டிஎன்ஏ உறவு வந்தது வேறு வழியில், அந்தக் குடும்பத்தில் யாரும் கவனிக்காத ஒரு பெண் வழியாக.

அதனால், ஒருவர் போனார் என்று நிரூபிப்பதற்கு முன், அவர் இங்கேயே இருந்துவிடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு, பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளையும் அடக்கப் பதிவேடுகளையும் ஒருமுறை புரட்டினால் போதும், பாதிப் பிழைகள் அங்கேயே உதிர்ந்துவிடும். 1841 கணக்கை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். அதில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். பிறந்த பாரிஷின் பெயர் 1851 கணக்கிலிருந்துதான் கிடைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. அதற்குப் பின் பிறந்த பிள்ளை ஒன்று குடும்பத்தில் இருந்தால் அந்தச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் அதில் இருக்கும். ஒரே பெயருள்ள இரண்டு குடும்பங்களைப் பிரித்துக்காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி கப்பல். பிரிட்டனைவிட்டுப் புறப்பட்டவர்களின் அரசுப் பட்டியல்கள் 1890-க்குப் பிறகுதான் முறையாக மிஞ்சியிருக்கின்றன. அதற்கு முந்தியவற்றை இங்கே தேடி அலைய வேண்டாம். ஆனால் மார்மன் சபையின் லிவர்பூல் அலுவலகம் தானே பதிவேடு வைத்திருந்தது, 1849 முதல். அதன் ஒரு பக்கத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது. குடும்பத் தலைவர் பெயர், கீழே மனைவி, பிள்ளைகள், ஒவ்வொருவரின் வயது, தொழில், முகவரி, முன்பணமாகக் கட்டிய பவுண்டு எல்லாம் கையெழுத்தில் இருக்கும். பலரும் தங்கள் ஆளின் வரியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மேலும் கீழும் இருக்கும் குடும்பங்களையும் படியுங்கள். 1851 கணக்கில் அதே தெருவில் இருந்தவர்கள் இந்தப் பக்கத்திலும் அடுத்தடுத்து வந்தால், நீங்கள் பிடித்தது சரியான ஆள்தான் என்று நம்பலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இது பயணத்துக்குப் பதிவு செய்தவர்களின் ஏடு. பணம் கட்டிவிட்டுப் போகாமல் நின்றவர்களும் உண்டு. போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி அமெரிக்கத் துறைமுகத்தில் கொடுத்த பயணிகள் பட்டியல்தான்.

துறைமுகமும் காலமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 1840-களின் தொடக்கத்திலிருந்து 1855 தொடக்கம்வரை பெரும்பாலான மார்மன் கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸ் போயின. அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு. ஆற்று வழியில் காலரா பல உயிர்களை வாங்கியதால் அதற்குப் பிறகு நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா என்று கிழக்குத் துறைமுகங்களுக்கு மாற்றினார்கள். நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கும் கேசில் கார்டன் நிலையம் 1855-இல் திறந்தது, எல்லிஸ் தீவு 1892-இல். "1852-இல் எல்லிஸ் தீவில் இறங்கினார்" என்று ஒரு வம்சாவளி சொன்னால், எழுதியவர் எந்த ஆவணத்தையும் பார்க்கவில்லை என்று அங்கேயே புரிந்துவிடும்.

கப்பலில் ஏறியதும் அவர்களுக்கு ஒரு தலைவரை நியமிப்பார்கள், கூட்டத்தைச் சிறு பிரிவுகளாகப் பிரிப்பார்கள், நாள்குறிப்பு எழுதவும் ஆள் இருப்பார்கள். உங்கள் முன்னோர் எழுதப் படிக்கத் தெரியாதவராகவே இருக்கட்டும், உடன் வந்த யாரோ ஒருவர் எழுதியிருப்பார். அந்தப் புயல், அந்தப் பிறப்பு, கடலில் இறக்கிய அந்தக் குழந்தையின் உடல், எல்லாம் அதில் வந்துவிடும். 1855 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து போன 'சார்லஸ் பக்' கப்பலின் தலைவர் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1853-இல் சபை ஊழியராக நம் மெட்ராசுக்கு வந்து, அங்கே ஒரு சிறு பத்திரிகைகூட நடத்தியவர். தமிழ் வாசகர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

நிலவழிப் பயணத்தில் எல்லோரும் கேட்பது 1856-இன் கைவண்டிக் கூட்டங்களைப் பற்றி. மாட்டு வண்டிக்கு வசதி இல்லாதவர்களுக்காக ஆளுக்குச் சுமார் ஒன்பது பவுண்டில் செய்த ஏற்பாடு அது. அயோவா சிட்டியிலிருந்து யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிவரை சுமார் 1,300 மைல், சாமான்களைக் கைவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். அந்த வருடம் 'தார்ன்டன்', 'ஹொரைசன்' கப்பல்களில் வந்தவர்கள் தாமதமாகத்தான் கிளம்ப முடிந்தது. வில்லி, மார்ட்டின் ஆகியோர் தலைமையில் போன அந்த இரண்டு கூட்டங்களும் அக்டோபரில் வயோமிங் பகுதியில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டன. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சால்ட் லேக்கிலிருந்து மீட்பு வண்டிகள் வந்திராவிட்டால் இன்னும் பலர் போயிருப்பார்கள்.

இந்த இரு கூட்டங்களில் ஒருவர் தன் குடும்பத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. எனக்கு அது புரிகிறது. ஆனால் 1856 முதல் 1860 வரை மொத்தம் பத்துக் கைவண்டிக் கூட்டங்கள் போயின, பெரும்பாலானவர்கள் போனது மாட்டு வண்டிகளில்தான். செத்தவர்களின் பட்டியலில் பெயர் பொருந்துகிறது என்பதற்காக உங்கள் குடும்பத்தில் ஒரு மரணத்தைச் சேர்த்துவிடாதீர்கள். அது உங்களுக்கும் அநியாயம், உண்மையில் அங்கே இறந்தவருக்கும் அநியாயம்.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். கணவனை வழியில் பறிகொடுத்தவர் யூட்டா வந்ததும் மறுமணம் செய்திருக்கலாம், பிள்ளைகள் புதுத் தகப்பனின் குடும்பப் பெயரைச் சுமந்திருக்கலாம். சபை 1852-இல் பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்தது, 1890-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரே மனிதருக்குப் பல வீடுகள் இருக்கலாம், ஒவ்வொரு மனைவியும் கணக்கெடுப்பில் தனிக் குடும்பமாகப் பதிவாகியிருக்கலாம். எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்கு என்பதை ஊகிக்க வேண்டாம். அப்புறம் எழுத்துக்கூட்டல். லங்காஷையர் பேச்சில் சொல்லின் தொடக்கத்து 'ஹ' பெரும்பாலும் ஒலிக்காது. ஹாரிசன் என்றவரை எழுத்தர் ஆரிசன் என்று எழுதியிருப்பார். இரண்டையும் தேடுங்கள்.

கிளம்பியவர்கள் எல்லோரும் யூட்டா போய்ச் சேரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். கையில் காசு தீர்ந்து மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸில் நின்றவர்கள் உண்டு, சபையை விட்டு விலகியவர்கள் உண்டு, பிரிட்டனுக்கே திரும்பியவர்களும் உண்டு. சால்ட் லேக்கில் கிடைக்கவில்லை என்றால் மிசௌரியின் 1850, 1860 கணக்குகளைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளம் இலவசம், சபையில் இல்லாதவர்களும் கணக்குத் தொடங்கலாம். நிலவழிக் கூட்டங்களின் பெயர்களும் உடன் வந்தவர்களின் நாள்குறிப்புகளும் சபையின் வரலாற்றுத் துறைத் தளத்தில் இருக்கின்றன, அதுவும் இலவசம். யூட்டாவின் பழைய செய்தித்தாள்களையும் இணையத்திலேயே படிக்கலாம். 1850-இல் தொடங்கிய டெசரட் நியூஸ் இதழின் மரண அறிவிப்புகளில் பிறந்த ஆங்கிலேயக் கிராமத்தின் பெயரே சில நேரம் கிடைத்துவிடும். இதே தகவல்களைத் திரட்டித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம், எந்த ஏட்டின் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள்.

ஃபேமிலிசர்ச்சில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான ஒரே வம்சாவளி. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் அங்கே தவறான ஜானைக் கண்டால் உடனே அழித்துவிடாதீர்கள். அவரைச் சேர்த்தவருக்கு அந்தத் தளத்திலேயே செய்தி அனுப்பலாம். 1861 கணக்கின் பக்கத்தை இணைத்து, இவர் இங்கேதான் இருந்தார் என்று மரியாதையாக எழுதுங்கள். பெரும்பாலும் பதில் வரும். சிலர் தங்கள் வீட்டில் மட்டுமே இருக்கும் கடிதத்தையோ பைபிளின் முதல் பக்கத்தையோ படமெடுத்து அனுப்புவார்கள், அந்த அம்மையாருக்கு யூட்டாவிலிருந்து வந்ததைப் போல.