நெருங்கி வாழும் நகரம் எவ்வளவு ஆற்றலைத் தின்னும்?

நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 மீட்டர் உள்ள ஒரு தனி வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரும் கூரையுமாக 500 சதுர மீட்டர் வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கோடையில் வெப்பம் உள்ளே நுழைவதும் குளிர்காலத்தில் வெளியே கசிவதும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான். இப்போது இதே அளவில் எட்டு வீடுகளை, கீழே நாலு மேலே நாலாக, ஒட்டி அடுக்கிப் பாருங்கள். வெளியே தெரிவது மொத்தமே 2,000 சதுர மீட்டர். வீட்டுக்கு 250, அதாவது சரிபாதி! பக்கத்து வீடே நமக்குப் போர்வையாகிவிடுகிறது.

சுவரை விடப் பெரிய மிச்சம் தெருவில் இருக்கிறது. ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு 500 மீட்டர் வரை மக்கள் நடந்து வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 0.8 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு 1,000 பேர் வாழும் புறநகரில் அதற்குள் 800 பேர்கூடத் தேறமாட்டார்கள். பாரிஸில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 பேர் என்பதால் அதே வட்டத்துக்குள் 15,000 பேருக்கு மேல் இருப்பார்கள். அங்கே சில நிமிடங்களுக்கு ஒரு பேருந்து விட்டாலும் நிரம்பும். புறநகரில் மணிக்கு ஒன்று விட்டாலும் காலியாகத்தான் ஓடும். அப்புறம் கார் வாங்காமல் என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பீட்டர் நியூமனும் ஜெஃப்ரி கென்வொர்த்தியும் 1989-இல் உலகின் 32 நகரங்களை ஒப்பிட்டார்கள். நெருக்கம் கூடக் கூட ஆளுக்கு ஆகும் பெட்ரோல் முதலில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு மெதுவாகக் குறைந்தது. ஒரு கோடியில் பரந்து கிடந்து பெட்ரோலைக் குடிக்கும் அமெரிக்காவின் ஹூஸ்டன், மறுகோடியில் நெருங்கி வாழும் ஹாங்காங். வருமானமும் பெட்ரோல் விலையும் இதில் சேர்ந்தே வேலை செய்கின்றன என்ற விமர்சனம் சரிதான். ஆனாலும் தூரம் குறைந்தால் எரிபொருள் குறையும் என்ற அடிப்படை அசையவில்லை.

நெருக்கத்துக்கு விலையும் உண்டு. நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் லண்டனில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து எழுதினார். கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடுகின்றன; குறுகிய தெருவில் அது வானத்துக்குப் போக வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதுகிறது. ஏசி அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, தான் உண்ட மின்சாரத்தையும் வெப்பமாக்கித் தெருவில் கொட்டுகிறது. தெரு சூடாக, ஏசி இன்னும் உழைக்க வேண்டியிருக்கிறது. ஏசி வைக்க முடியாதவர்தான் இதில் அதிகம் வேகிறார்.

நெருக்கம் என்றதும் வானுயரக் கோபுரங்கள் நினைவுக்கு வரும். அது அவசியமே இல்லை. பாரிஸின் பெரும்பாலான கட்டடங்கள் ஆறேழு மாடிகள்தான். மாடி கூடினால் லிஃப்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் மின்சாரம் கூடும். கூரையில் சூரியத் தகடு வைக்கும் இடமும் சுருங்கும். நம் தனி வீட்டுக்கு 100 சதுர மீட்டர் கூரை. எட்டு வீட்டு அடுக்கில் வீட்டுக்கு 50. அதே அளவு வீடுகளை இருபது அடுக்காக ஏற்றினால் வீட்டுக்குக் கிடைப்பது 5 சதுர மீட்டர்; இரண்டு தகடு வைத்தாலே நிரம்பிவிடும்.