உங்கள் ரவுட்டருக்கு இரண்டு பூட்டு

வண்ணாரப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது பன்னிரண்டு வருடங்களாக என் தொழில். "வைஃபைக்கு பாஸ்வேர்டு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால், "போட்டிருக்கோமே" என்று உடனே பதில் வரும். "சரி, அந்த ரவுட்டர் பாக்ஸுக்கு?" என்றால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டும் வேறு வேறு. வைஃபை பாஸ்வேர்டு, பக்கத்து வீட்டுக்காரர் நம் நெட்டில் நுழையாமல் தடுக்கும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கத் தனியாக ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் உண்டு. பாக்ஸின் அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும். பழைய பாக்ஸ் என்றால் பெரும்பாலும் இரண்டுமே 'அட்மின்'தான். வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் வைஃபை எட்டாது. அவன் தட்டிப் பார்ப்பது இந்த இரண்டாவது பூட்டை.

போன ஐப்பசி மழையில் கல்மண்டபம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மகனுக்குக் கப்பலில் வேலை. "நெட்டு ஆமை மாதிரி போகுது தம்பி. போனைத் திறந்தாலே கண்டதும் விளம்பரமா வருது. பேத்தி கையில குடுக்கவே பயமா இருக்கு" என்றார். போனில் வைரஸ் என்று ஒரு கடையில் சொல்லி, எல்லாவற்றையும் அழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மகன் அனுப்பிய படங்களும் அதோடு போய்விட்டன. இரண்டே நாளில் விளம்பரம் திரும்ப வந்துவிட்டது.

நான் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்தேன். விளம்பரம் இல்லை. வைஃபையைப் போட்டதும் வந்தது. கோளாறு போனில் இல்லை, ஃபிரிட்ஜ் மேலே தூசி படிந்து கிடந்த பாக்ஸில் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இந்தச் சோதனையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம்.

பிரவுசரில் அந்த ரவுட்டரின் முகவரியான 192.168.1.1 என்று அடித்தேன். அட்மின், அட்மின். திறந்துகொண்டது. டிஎன்எஸ் என்ற இடத்தில் அந்த நெட் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு எண்கள் இருந்தன. டிஎன்எஸ் என்பது தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் மாதிரி. பெயரைச் சொன்னால் எந்த வீடு என்று கை காட்டுவார். அவர் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து தப்பான வீட்டைக் காட்டினால் என்ன ஆகும்? அந்த அம்மா வீட்டில் விளம்பரத்தோடு போயிற்று. பேங்க் பெயரை அடிக்கும்போது போலிப் பக்கத்துக்கும் இதே வழியில் கொண்டுபோய் விடலாம். அதனால்தான், பேங்க் பக்கம் திறக்கும்போது 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இது புதிய வித்தை இல்லை. இதே டிஎன்எஸ்ஸை மாற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களைப் பிடித்து வைத்திருந்த எஸ்டோனியக் கும்பலை 2011 நவம்பரில் கைது செய்தார்கள். பாஸ்வேர்டு மாற்றாத ரவுட்டர்களுக்குள்ளும் அந்தக் கும்பலின் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் புரோகிராம், புகுந்து பார்த்தது.

"நம்ம வீட்டுல எடுக்க என்ன தம்பி இருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். சங்கிலி அறுப்பவன் சொந்த பைக்கில் வருவதில்லை, திருட்டு பைக்கில்தான் வருகிறான். நம்பரை வைத்து போலீஸ் முதலில் போய் நிற்பது பைக்கின் சொந்தக்காரர் வாசலில். ரவுட்டரும் அப்படித்தான். அவனுக்கு வேண்டியது உங்கள் வீட்டு ஐபி முகவரி, நெட்டில் உங்கள் வீட்டைக் காட்டும் எண்.

2016-இல் வந்த மிராய் என்ற மால்வேரிடம் இருந்த ஆயுதம், கம்பெனியிலேயே போட்டு அனுப்பும் அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அதை வைத்தே உலகம் முழுக்க கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப் போட்டது. அந்த அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அந்தக் கருவிகளை ஏவி அது தாக்கியதில், ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை. நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடங்கள் மால்வேரில் சிக்கி, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு மால்வேர். 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகள். அதன் பின்னால் இருந்தது ரஷ்ய ஹேக்கர் குழு என்று அமெரிக்கா சொன்னது.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் போகாதா? மிராய் போகும், ஏனென்றால் அது தங்குவது மெமரியில். ஆனால் பாஸ்வேர்டு அதேதான் என்றால் சில நிமிடங்களில் திரும்ப வந்து உட்காரும். விபிஎன்ஃபில்டரின் முதல் பகுதி ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. அதற்கு முழு ரீசெட்தான், அதாவது பாக்ஸைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோவதுதான், வேண்டும்.

அந்த வீட்டில் முதலில் வெளியிலிருந்து வரும் நெட் ஒயரைக் கழற்றினேன். பின்புறம் இருந்த ரீசெட் ஊசித்துளையில் கம்மலின் கம்பியை விட்டு, எல்லா விளக்கும் அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடித்தேன். அப்புறம் செட்டிங்ஸில் புது பாஸ்வேர்டு. வெளியிலிருந்து செட்டிங்ஸைத் திறக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட் ஆஃப். பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் சேர விடும் டபிள்யூபிஎஸ் ஆஃப். டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக்கில் விட்டேன். இவ்வளவும் முடிந்த பிறகே ஒயரைச் செருகி, ஃபர்ம்வேர் (பாக்ஸுக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) அப்டேட்டைப் போட்டேன். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் ரீசெட் ஆனதும் கம்பெனி பாஸ்வேர்டே திரும்ப வந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் பாக்ஸ் என்றால் நீங்களாக ரீசெட் செய்யாதீர்கள். அவர் போட்ட செட்டிங்ஸ் அழிந்து நெட்டே நின்றுவிடும். அவரை வரச் சொல்லி, பக்கத்தில் நின்று பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். ஏரியா முழுக்க ஒரே பாஸ்வேர்டு போட்டு வைக்கிற ஆபரேட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீடு போனால் அத்தனை வீடும் போகும். கேட்பது உங்கள் உரிமை.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: உங்கள் சிசிடிவியின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிக்கும் இதே கதைதான். வீட்டிலிருந்து போனில் கடையைப் பார்க்க, ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி, திறந்துவிட்டுப் போயிருப்பார்கள். கேமரா போட்டவரைக் கூப்பிட்டு அதை மூடச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜைக்குப் பல வீடுகளில் ரவுட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது அன்றைக்கு ஃபர்ம்வேர் அப்டேட்டையும் பார்த்துவிடச் சொல்கிறேன், நாள் மறக்காது. கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட பாக்ஸ் என்றால் புதிதுதான் வாங்க வேண்டும். அந்தச் செலவு எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வழி இல்லை.

பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்று அந்த அம்மா சங்கடப்பட்டார். காகிதத்தில் எழுதி வையுங்கள், தப்பே இல்லை என்றேன். வெளிநாட்டு ஹேக்கரால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஈ.பி. கார்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு, "மாடி வீட்டுலயும் இதே பாக்ஸ்தான் தம்பி, ஒரு எட்டு பார்த்துட்டுப் போயேன்" என்றார். மாடியிலும் அட்மின், அட்மின்தான்.