செப்டம்பர் மூன்றாம் வாரத்து இழுப்பு

ஆகஸ்ட் கடைசியில் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ லண்டன் திரும்பும் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை, அல்லது "சளி பிடித்தால் கொஞ்சம் இழுக்கும், மற்றபடி ஒன்றுமில்லை" என்று நீங்கள் சொல்கிற பிள்ளை இருந்தால் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் தாராளமாகப் போகலாம், பேன் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நான் வடமேற்கு லண்டனில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். பள்ளி திறந்து இரண்டு வாரம் தாண்டியதும் கவுண்டரில் ஒரே பேச்சுதான் திரும்பத் திரும்ப நடக்கும். அவசரமாக ப்ளூ பம்ப் (இழுப்பு வந்தவுடன் எடுக்கும் நீல இன்ஹேலர்) வேண்டும், ராத்திரி முழுக்கப் பிள்ளை தூங்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தால் பிரவுன் பம்ப், அதாவது இழுப்பு வராமல் தடுக்க தினமும் எடுக்கும் இன்ஹேலர், கடைசியாக வாங்கியது மே மாதம். "அக்கா, பிரவுன் பம்ப் எடுக்கிறாரா?" என்று கேட்டால், "ஊருக்குப் போனனாங்கள் தம்பி, அங்க பிள்ளை ஒருநாளும் இருமேல்லை, அதுதான் நிப்பாட்டிட்டம், இஞ்ச வந்தவுடன இந்தக் குளிர் பிடிச்சிட்டுது" என்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள், கூடவே "ஊர்த் தண்ணியில் தலைக்குக் குளிச்சதும் ஒத்துக்கலை" என்று மாமியார் தரப்பு விளக்கம் ஒன்றும் வரும்.

குளிர் மேல் பழி போடுவது வசதிதான். ஆனால் செப்டம்பர் நடுவில் லண்டனில் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், பிள்ளைகள் இன்னும் கோட்டுகூடப் போடத் தொடங்கியிருக்க மாட்டார்கள். நிஜக் குளிர் ஜனவரியில் வருகிறது, அப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த அளவு இழுப்பு வருவதில்லை. இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அங்கே பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும், இங்கிலாந்தில் செப்டம்பர் தொடக்கத்தில். இழுப்போடு பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருவதும் அங்கே அதற்கேற்ப முன்னாலேயே கூடிவிடுகிறது. குளிர்தான் காரணமென்றால் இது நடக்காது, பள்ளிக்கூட மணி அடித்ததுதான் காரணம்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் ஜான்ஸ்டனும் அவர் குழுவினரும் 2006ல் இதை விரிவாக எழுதினார்கள். அங்கே செப்டம்பர் முதல் திங்கள்கிழமை லேபர் டே, அதற்கு அடுத்த நாள் பெரும்பாலான பள்ளிகள் திறக்கும். அதிலிருந்து சுமார் இரண்டரை வாரத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் ஆஸ்துமா அட்மிஷன் உச்சத்துக்குப் போகிறது, ஒன்றிரண்டு நாள் கழித்து அவர்களின் தம்பி தங்கைகள் வயதுக் குழந்தைகள், ஒரு வாரத்துக்குள் பெரியவர்கள். இங்கிலாந்து மருத்துவர்கள் காலண்டரில் 38வது வாரம் என்று சொல்வதும் இதைத்தான். இந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும், கிருமி வகுப்பறையில் கிளம்பி வீட்டுக்கு வந்து கடைசியில் விசாவில் வந்திருக்கும் அம்மம்மாவைப் பிடிக்கிறது. கிருமி பெரும்பாலும் ரைனோவைரஸ், அதாவது சாதாரண ஜலதோஷம். மற்றப் பிள்ளைக்கு மூன்று நாள் மூக்கு ஒழுகி முடிந்துவிடும். மூச்சுக்குழாய் உள்ளே ஏற்கனவே வீங்கி, தொட்டால் சுருங்கத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு அதே ஜலதோஷம் ஆம்புலன்ஸ் வரை போகும்.

அந்த வீக்கத்தைக் குறைத்து வைப்பதுதான் பிரவுன் பம்பின் வேலை. எடுத்தவுடன் எந்த வித்தியாசமும் தெரியாது, அதனால்தான் யாருக்கும் அதன் மேல் மதிப்பில்லை. நாள் கணக்கில், வாரக் கணக்கில் மெதுவாக வேலை செய்யும், நிறுத்தினால் மெதுவாகத்தான் பலன் போகும். ஜூலையில் நிறுத்திவிட்டு ஆகஸ்டில் பிள்ளை நன்றாக ஓடுவதைப் பார்த்து "ஊர்க்காற்று ஒத்துக்கொண்டது" என்கிறோம். இங்கேயே இருந்த ஆஸ்துமாப் பிள்ளைகளும் ஆகஸ்டில் நன்றாகத்தான் இருக்கிறார்கள், வருடத்திலேயே பள்ளி வயதினர் ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரிக்கு மிகக் குறைவாக வரும் மாதம் அதுதான். முப்பது பிள்ளைகள் ஒரே அறையில் தும்முவது அந்த மாதம் நடப்பதில்லை, அவ்வளவுதான். ஊர்க்காற்றுக்கு இதில் பெரிய பங்கில்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், இதை நான் கவுண்டரில் துண்டுச்சீட்டில் எழுதியே காட்டுவேன். ஒரு பம்பில் வழக்கமாக 200 அழுத்தல். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு நான்கு, அப்படியானால் 50 நாளில் தீர்ந்துவிட வேண்டும். ஜூலை முதல் வாரம் வாங்கிய பம்ப் செப்டம்பர் நடுவிலும் "இன்னும் வருது தம்பி" என்றால் நடுவில் எங்கேயோ நிறைய விடுபட்டிருக்கிறது, அல்லது மருந்து தீர்ந்து வெறும் கேஸ் மட்டும் வருகிறது. இரண்டாவது இன்னும் மோசம், சத்தம் அதேபோலக் கேட்கும், புகை அதேபோல வரும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழைய வித்தையை நம்பாதீர்கள். தொடங்கிய தேதியை பம்பின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள், போதும்.

"அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாமே?" இருக்கிறது. உடம்பு ஏற்ற ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்வது வேறு வகை, அதோடு இதற்குச் சம்பந்தமில்லை. மூச்சுக்குழாய்க்கு நேராகப் போகும் மிகச் சின்ன அளவு இது. நீண்டகாலம் எடுக்கும் பிள்ளைகளின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரலாம் என்பது உண்மை, அதை நான் மறைப்பதில்லை. ஆனால் பிரவுனை நிறுத்திவிட்டு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பிள்ளையின் உடம்புக்குள் போவது அதைவிடப் பல மடங்கு அதிகம். ப்ளூ பம்ப் மட்டும் போதும் என்று இருப்பது சரியில்லை என்பதை 2024 நவம்பரில் வந்த பிரிட்டனின் புதிய ஆஸ்துமா வழிகாட்டுதல் நேரடியாகவே சொல்லிவிட்டது. வாரத்தில் மூன்று தடவைக்கு ப்ளூ தேவைப்படுகிறதென்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, ஜிபியிடமோ (உங்கள் குடும்ப டாக்டர்) ஆஸ்துமா நர்ஸிடமோ காட்டியாக வேண்டும்.

பம்போடு பொருத்தி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரின் கதை தனி. பெரியவர்கள் டிவியில் பார்த்ததுபோலப் பிள்ளையும் பம்பை நேராக வாயில் வைத்து அடிக்கிறது, பாதி மருந்து நாக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடுகிறது. அந்தப் பிளாஸ்டிக் குழாயை "சின்னப் பிள்ளைகளுக்குத்தான்" என்று ஒன்பது வயதில் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்பை நன்றாகக் குலுக்கி, ஒரு அழுத்தல், ஸ்பேசர் வழியாக நிதானமாக ஐந்து மூச்சு, அரை நிமிஷம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டு ஒரே மூச்சில் இழுக்கச் சொல்லாதீர்கள். பிரவுன் எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், அதனால் பல் துலக்குவதற்கு முன்னால் வைத்துக்கொண்டால் மறக்காது. ஸ்பேசரை மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள், துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் கொண்டு வந்தால் பிள்ளை எப்படி எடுக்கிறது என்று பார்த்துத் திருத்துவோம், அதற்குக் காசு கிடையாது.

பள்ளிக்கூடத்துக்கென்று தனியாக ஒரு ப்ளூ பம்பும் ஸ்பேசரும், பெயர் எழுதி, தேதி பார்த்துக் கொடுக்க வேண்டும். பையில் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டுக்கும் பள்ளிக்கும் அலைவது வேலைக்காகாது, இங்கிலாந்தில் 16 வயதுக்குக் கீழே மருந்துச்சீட்டுக்கு எப்படியும் பணம் இல்லை. 2014 அக்டோபர் முதல் பள்ளிகளே அவசரத்துக்கு ஒரு ப்ளூ பம்ப் வாங்கி வைத்திருக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அதை உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்த ஃபார்ம் செப்டம்பர் முதல் வாரமே வரும். ஸ்கூல் பையின் அடியில் வாழைப்பழத்தோடு நசுங்கிக் கிடக்கும், தேடுங்கள்.

சில வீடுகளில் ஃபார்ம் கிடைத்தும் நிரப்புவதில்லை. "ஆஸ்துமான்னு எழுத வேண்டாம், வெறும் வீசிங்தான்." பெண்பிள்ளை என்றால் இந்தத் தயக்கம் கூடுதல், ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆறு வயதுக் குழந்தையின் கல்யாணப் பேச்சை நினைத்துப் பள்ளிக்குத் தெரியாமல் வைத்தால், பி.டி. (உடற்பயிற்சி) வகுப்பில் அது மூச்சுக்குத் தவிக்கும்போது ஆசிரியருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. இதில் எனக்குக் கோபம் வரும், மறைக்கவில்லை.

ஊரிலிருந்து சூட்கேஸில் வரும் இருமல் சிரப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2009லிருந்தே கடையில் சும்மா வாங்கும் இருமல், சளி மருந்துகளை ஆறு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள், பலன் இருப்பதாகத் தெரியவில்லை, பக்கவிளைவு இருக்கிறது என்பதுதான் காரணம். இதைச் சொன்னால் "இங்கே எல்லாத்துக்கும் பாரசிட்டமால்தான்" என்று அலுத்துக்கொண்டு ஊரில் நான்கு பாட்டில் வாங்கி வருவார்கள். 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20 குழந்தைகளுக்கு மேல் இறந்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தால். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கிட்டத்தட்ட பாதி இருந்ததை தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையே காட்டியது. எல்லா பாட்டிலும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் இழுப்போடு வரும் இருமலுக்கு எந்த சிரப்பும் மருந்தில்லை, அதைக் கொடுத்து ஒரு ராத்திரியைக் கடத்துவதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. கொதிதண்ணீரில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், சட்டி கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளைகள் இங்குள்ள தீக்காயப் பிரிவுகளுக்கு வருகிறார்கள். கற்பூரவல்லிக் கசாயம், சுக்கு, மிளகு எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், கொடுங்கள், பம்போடு சேர்த்துக் கொடுங்கள். தேன் மட்டும் ஒரு வயதுக்குக் கீழே கூடாது.

அப்புறம் அக்டோபர் வரும். ஜன்னல் சாத்தி, ஹீட்டிங் போட்டு, ரேடியேட்டர் மேல் ஈரத்துணி காய்ந்துகொண்டிருக்கும் வீட்டில் நவராத்திரிக்குச் சாம்பிராணி போட்டால் புகை எங்கே போகும்? தீபாவளியும் இங்கே நவம்பர் 5 அன்று எல்லாரும் வெடிக்கும் பட்டாசும் பல வருஷங்களில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன, அந்த ராத்திரிகளில் வெளிப்புகையும் சேரும். சாமி கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது, விளக்கு ஏற்றுங்கள், ஊதுபத்தியை விட்டுவிடுங்கள், சமைக்கும்போது எக்ஸ்ட்ராக்டரை (புகை வெளியேற்றும் ஃபேன்) போட்டு ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். இதே மாதங்களில் பள்ளியில் ஃப்ளூ தடுப்பு மருந்தை மூக்கில் ஸ்ப்ரேயாகப் போடுவார்கள். அதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு, அது வேண்டாம் என்கிற குடும்பங்கள் ஃபார்மில் "இல்லை" என்று டிக் பண்ணிவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். ஜெலட்டின் இல்லாத ஊசி கிடைக்கும், கேளுங்கள். போன சில நாளில் இழுப்பு வந்திருந்தால் ஸ்ப்ரே போடுவதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லுங்கள்.

இழுப்பு வந்துவிட்டால், ப்ளூ பம்ப் வைத்திருக்கும் பிள்ளைக்கு: நிமிர்த்தி உட்கார வைத்து, அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் இடைவெளியில் ஒவ்வொரு அழுத்தலாக, ஸ்பேசர் வழியாக, அதிகபட்சம் பத்து வரை. குறையவில்லை என்றாலோ நடுவிலேயே மோசமானாலோ ஆம்புலன்ஸுக்கு 999. பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வராவிட்டால் இன்னொரு பத்து கொடுக்கலாம். விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுபடுவது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாதது, உதடு நீலமாவது, இதில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் 999ஐ அழைத்துவிட்டு பம்பைக் கொடுத்துக்கொண்டிருங்கள். எங்கள் பிள்ளைகளின் நிறத்தில் உதட்டைவிட நாக்கிலும் ஈறிலும்தான் அது சீக்கிரம் தெரியும். கொடுத்த பம்ப் நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்ட சிலருக்கு இப்போது தடுப்புக்கும் அவசரத்துக்கும் ஒரே பம்ப் கொடுக்கிறார்கள், அவர்கள் தங்கள் ஆஸ்துமா பிளானில் (எப்போது எந்த மருந்தை எவ்வளவு என்று எழுதித் தரும் தாள்) எழுதியிருக்கும் எண்ணிக்கையைப் பின்பற்ற வேண்டும். பிளான் என்று ஒரு தாள் உங்களிடம் இல்லையென்றால் ஜிபியிடம் கேட்டு வாங்குங்கள், அதன் போட்டோவை அப்பா, அம்மா, பார்த்துக்கொள்ளும் ஆச்சி எல்லாருடைய போனிலும் வையுங்கள்.

ஊருக்குப் போகுமுன் இரண்டு பம்ப், கைப்பையில். போன இடத்தில் பிரவுன் எடுப்பது விட்டுப்போயிருந்தால் பள்ளி திறக்க இரண்டு வாரம் முன்பாவது மறுபடி தொடங்குங்கள், ஏற்கனவே செப்டம்பர் வந்துவிட்டதென்றால் இன்றிரவே. ரிபீட் மருந்தை (வழக்கமாகத் திரும்ப வாங்கும் மருந்து) என்எச்எஸ், அதாவது அரசு மருத்துவ சேவை, ஆப்பில் கேட்டால் ஜிபி கையெழுத்தாகி எங்களிடம் வரச் சில வேலைநாட்கள் ஆகும், தீர்ந்த பிறகு கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ளூ தீர்ந்து போயிருந்தால் திங்கள்வரை சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முன்பு எழுதிக் கொடுத்த மருந்தென்றால் என்எச்எஸ்ஸின் 111 போன் எண்ணில் சொன்னாலே திறந்திருக்கும் ஒரு மருந்துக்கடைக்கு அனுப்பி அவசர சப்ளை கிடைக்கச் செய்வார்கள், காலி பம்பையும் கையோடு கொண்டு வாருங்கள்.