புகைமீன் டிப்: எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை

சிப்ஸால் தொட்டுத் தின்னும் புகைமீன் டிப்பை, அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் மடவையில் செய்வார்கள். குளச்சல், முட்டம் பக்கம் அதற்குக் கைவாக்கான மீன் அயிலை. புகை வாசனைக்குக் காரணமான குவாயகால், சிரிங்கால் போன்ற பீனால்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். அயிலையில் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐஸில் வைத்த மீனாகப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் கிடந்த அயிலையிலும் சூரையிலும் பாக்டீரியா ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற நச்சாக மாற்றிவிடும். அப்புறம் வேகவைத்தாலும் புகைபோட்டாலும் அது போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும்.

முள் நீக்கிய சதை 500 கிராமுக்கு 12 கிராம் உப்பு தடவி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு இழுத்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மூடாமல் இன்னும் இரண்டு மணி நேரம் அங்கேயே விடுங்கள். நம் கடற்காற்றில் ஈரம் அதிகம், வெளியே வைத்தால் மீன் காயாது, கெடும். மேல்பரப்பில் கரைந்து வந்த புரதம் காய்ந்து, தொட்டால் லேசாக ஒட்டும் மெல்லிய தோலாகிவிடும். புகை பிடிப்பது அதில்தான். ஈரம் நின்றால் புகையின் அமிலங்கள் நீரில் கரைந்து மீன் புளிப்பும் கசப்புமாகிவிடும்.

பழைய இரும்புச்சட்டியில் பயறளவு உடைத்த சிரட்டை 50 கிராம். அதன்மேல் கம்பி வலை, வலையில் மீன், இறுக்கமான மூடி. நான்-ஸ்டிக் சட்டி கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். சிரட்டையில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) அதிகம் என்பதால் புகை காட்டமாக இருக்கும். கூடுதலாகப் போட ஆசைப்படாதீர்கள். சிரட்டை புகைய வேண்டும், எரியக் கூடாது. தீப்பிடித்தால் கரியும், பென்சோபைரீன் போன்ற வேண்டாத சேர்மங்களும் மீனில் படியும். சிறுதீயில் 20 நிமிடம் போதும். தடித்த இடத்தின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். மேலே வெள்ளைத் திட்டுகள் கசிந்தால் தீ அதிகம்: இறுகிய சதை புரதத்தைப் பிழிந்து தள்ளுகிறது.

(மாசிக்கருவாடும் புகைபோட்டதுதானே என்று சிலருக்குத் தோன்றும். சம்பலுக்கு அது அருமை. டிப்பில் மரத்தூள் மாதிரிதான் இருக்கும்.)

மீன் நன்றாக ஆறட்டும். சூட்டோடு கலந்தால் வெண்ணெய் உருகிப் பிரியும். கையால் உதிர்த்து, இளகிய வெண்ணெய் 60 கிராமை முதலில் பிசையுங்கள். வாசனையை வாங்கிக்கொள்வதும் நாருக்குப் பூச்சாவதும் அதுதான். பிறகு துணியில் கட்டி நான்கு மணி நேரம் நீர் வடித்த தயிர் 200 கிராம். தயிர் என்பது கேசின் என்ற பால்புரத வலையில் சிக்கிய நீர்; மிக்சியில் அடித்தால் வலை கிழிந்து நீர் வெளியேறும், மீனும் பசையாகும். கரண்டியால் மடித்துக் கலப்பதே சரி. ஆறு சின்ன உள்ளியைப் பொடியாக அரிந்து, உப்புப் பிசிறிப் பிழிந்த பிறகே சேருங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தின் ஓரம் நீர் கோக்கும். நல்லமிளகும் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறும் கடைசியில்.

பரிமாறக் கால் மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள். குளிரில் வெண்ணெய் இறுகி வாசனையைப் பூட்டி வைத்திருக்கும். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேண்டாம். மரச்சீனி சிப்ஸோ ஏத்தங்காய் சிப்ஸோ தனித்தட்டில் இருக்கட்டும். அழகுக்காக டிப்பில் குத்தி வைத்தால், விருந்தாளி செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் துவண்டுவிடும்.